கார் வினைல் ராப் எத்தனை வருஷம் தாங்கும்? பழையதை உரித்துப் புதியதை ஒட்டிய அனுபவம்

கதவில் இருந்த ஃபிலிம் ஒரே தாளாகக் கழன்று வந்தது. பானட்டில் இருந்தது நகத்தளவுத் துண்டுகளாகத்தான் வந்தது. இரண்டும் ஒரே ரோலில் வெட்டியவை; ஒரே கடையில், ஒரே சமயத்தில் ஒட்டியவை. ராப், அதாவது காரின் பெயின்ட்டுக்கு மேல் நிறத்துக்காக ஒட்டும் வினைல் ஃபிலிம், எத்தனை வருஷம் வரும் என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண்ணைச் சொல்லி முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

கார் என் மாமாவுடையது. வெள்ளை ஸ்விஃப்ட். 2019-ல் முழுக் காருக்கும் அடர் சாம்பல் நிறத்தில் சாட்டின் (பாதிப் பளபளப்பு) ராப் போட்டு, ஆர்சி எனும் பதிவுச் சான்றிதழிலும் நிறத்தை மாற்றி வைத்திருந்தார். வீடு பெங்களூர் அல்சூரில் ஒரு சந்துக்குள். கார் நிற்பது தெருவில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தை ஒட்டி. காலையில் நல்ல நிழல் இருக்கும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை நேர் வெயில். ஒட்டிய கடையில் மூன்று வருஷத்தில் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். “நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்ப்பா” என்றார் மாமா. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் விடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே நன்றாகத்தான் தெரியும்.

ஆனால் என் கணக்கில் ராப்பின் ஆயுள், பெயின்ட்டுக்குச் சேதமில்லாமல் அதை உரித்தெடுக்க முடிகிற கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. பளபளப்பு இருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி. இந்தக் காரில் கதவுகள் அந்த நாளைத் தாண்டவில்லை. கூரையும் பானட்டும் எப்போதோ தாண்டிவிட்டன.

உரிப்பதற்கு முன் பார்த்தது

உதவிக்கு வந்தவர் ஜே.சி. ரோட்டில் பல வருஷமாக ராப் ஒட்டும் வேலையில் இருக்கும் வாணியம்பாடி அண்ணன் ஒருவர். காரை நன்றாகக் கழுவித் துடைத்து நிழலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பேனலாகப் பார்த்தோம். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. எந்த பேனல் எப்படி வரும் என்று முன்பே தெரிந்தால்தான் எங்கே சூடு, எங்கே ஆவி, எங்கே பிளாஸ்டிக் பிளேடு என்று முடிவு செய்ய முடியும்.

கதவுகளில் நிறம் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர ஃபிலிம் இன்னும் மிருதுவாக இருந்தது. கதவின் கீழ் ஓரத்தில் மட்டும் அது இழுத்துக்கொண்டு, நூல் போல வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளின் உறை மூலையிலும் அப்படித்தான். வளைவான இடத்தில் இழுத்துப் போர்த்திய ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். மூலை முதலில் விட்டுக்கொடுக்கும். பெட்ரோல் மூடிக்குக் கீழே, வழிந்த பெட்ரோல் போன தடத்தில் ஃபிலிம் ஊதிச் சுருங்கியிருந்தது.

கூரைக்கு வந்தால் கதையே வேறு. விரலை வைத்துத் தேய்த்ததும் சாம்பல் நிறத் தூள் ஒட்டிக்கொண்டது. பானட்டில், இஞ்ஜினுக்கு நேர் மேலே, மெல்லிய வெடிப்புகள் வலைபோல் ஓடின. இடையிடையே பழுப்புப் புள்ளிகள். புறா எச்சம் காய்ந்து கிடந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தழும்பு. எச்சம் போன பிறகும் அதன் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. அண்ணன் கூரை ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். அப்பளம் மாதிரி ஒடிந்தது.

“தம்பி, இது கேலண்டர் ஃபிலிம். சைடு தப்பிச்சிடும். மேல் பக்கம்தான் நம்ம முதுகை ஒடிக்கும்” என்றார்.

ஃபிலிமுக்கு உள்ளே என்ன இருக்கிறது

வினைல் என்று நாம் சொல்வது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்க, ராப் மட்டும் துணிபோல் வளைவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற மென்மையாக்கி. வெயிலிலும் சூட்டிலும் இந்த மென்மையாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அது போகப் போக ஃபிலிம் மறுபடி குழாயின் குணத்துக்குத் திரும்புகிறது: சுருங்கும், விறைக்கும், கடைசியில் ஒடியும். இன்னொரு பக்கம் புற ஊதாக் கதிர் பிவிசியின் சங்கிலியையே உடைத்து, மேற்பரப்பைத் தூளாக்கிப் பழுப்பேற்றுகிறது. கூரையில் விரலில் ஒட்டிய தூளும் பானட்டின் பழுப்பும் அதன் வேலைதான்.

ஃபிலிமைச் செய்வதில் இரண்டு வழி. ஒன்று காஸ்ட். பிவிசியைத் திரவமாக்கி ஒரு தாளின் மேல் மெல்லிசாக ஊற்றி அடுப்பில் காயவைப்பார்கள். யாரும் அதை இழுக்கவும் இல்லை, நசுக்கவும் இல்லை. அதனால் அதற்குத் திரும்பிப் போக வேண்டிய பழைய வடிவம் என்று ஒன்றும் கிடையாது. சுமார் 50 மைக்ரான் தடிமனுக்குக்கூடச் செய்ய முடியும். வளைவில் ஒட்டினால் அப்படியே உட்காரும். இன்னொன்று கேலண்டர். மாவைப் போன்ற பிவிசியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கித் தாளாக்குவார்கள். அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டதும் ஃபிலிம் சுருங்கப் பார்க்கும். கொஞ்சம் தடிமனாகவும் இருக்கும். கேலண்டரிலும் மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு ரகம் உண்டு. மோனோமெரிக்கில் மென்மையாக்கி சிறிய மூலக்கூறு என்பதால் சீக்கிரம் ஓடிவிடும். அது கடைக் கண்ணாடியில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் சரி, காருக்கு ஆகாது.

3எம் 2080, ஏவரி டென்னிசனின் எஸ்டபிள்யூ900, ஓராகல் 970 எல்லாம் காஸ்ட் வகை. கடையில் “இம்போர்ட்டட்”, “பிரீமியம்” என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. காஸ்ட்டா கேலண்டரா என்று கேளுங்கள். ரோலின் பின்தாளில் கம்பெனிப் பெயரும் தொடரின் எண்ணும் அச்சிட்டிருக்கும். அதைக் கண்ணால் பாருங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். மாமாவின் பில்லில் “கார் ராப் முழு செட்” என்று மட்டும்தான் இருந்தது.

மேல் பக்கம் ஏன் முதலில் போகிறது

ஃபிலிம் தயாரிக்கிற கம்பெனிகளின் உத்தரவாதத் தாளைப் படித்தால் செங்குத்துப் பரப்புக்கு ஒரு காலம், கிடைமட்டப் பரப்புக்கு அதைவிடக் குறைவான காலம் என்று பிரித்திருப்பார்கள். வெயில் அதிகமான நாடுகளுக்கு இரண்டையுமே குறைத்துவிடுவார்கள். குரோம் பூச்சு ஃபிலிம் என்றால் இன்னும் குறைவு. விளம்பரத்தில் வரும் பெரிய எண், மிதமான வெயில் உள்ள ஊரில் கதவுக்கு உரியது. நம் ஊர் பானட்டுக்கு அது பொருந்தாது.

பெங்களூரில் குளிர்ச்சியாக இருக்கிறதே, சென்னை மாதிரி இல்லையே என்று நினைப்போம். காற்று குளிர்ச்சிதான். ஆனால் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊர் இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில் என்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் கூரைக்கு நேர் செங்குத்தாக நிற்கும். கதவில் அந்த வெயில் சாய்வாகப் பட்டு வழுக்கிப் போகும். கூரை அத்தனையையும் முழுசாக வாங்கும். ஏப்ரல் மாத மதியம் அதே பானட்டில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டியபோது 68 டிகிரி என்றது. அதே நேரத்தில் நிழல் பக்கக் கதவில் 37. அந்த இடைவெளியை வருஷக்கணக்கில் பெருக்கிப் பார்த்தால் கூரை ஏன் ஒடிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மேலிருந்து விழுகிறவை எல்லாம் கிடைமட்டத்தில்தான் தங்கும். தூங்குமூஞ்சி மரத்தில் கோடையில் பூச்சி அடைந்தால் பிசுபிசுவென்று ஒரு தேன்நீர் சொட்டும். அதன் மேல் தூசி, அதன் மேல் மேம்பாலம் கட்டும் சிமென்ட் பொடி. முதல் மழை வந்தால் காற்றிலிருக்கும் புகையெல்லாம் அமிலமாகக் கரைந்து அதே இடத்தில் தேங்கிக் காயும். கதவில் தண்ணீர் நிற்காது. கூரையில் நிற்கும்.

உரித்தல்

கதவு முதலில். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, ஃபிலிம் 65 டிகிரி வாக்கில் வரும்வரை சூடேற்றினோம். மூலையைத் தூக்கி, பெயின்ட்டோடு கிட்டத்தட்டப் படுத்த மாதிரி, தன் மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் வரும், பசை பெயின்ட்டிலேயே தங்கிவிடும். சூடு சரியாக இருந்தால் பசையும் சேர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும்: உரிகிற கோட்டில் மெல்லிய நூல்கள் நீண்டு நீண்டு அறுபடும், பின்னால் பெயின்ட் சுத்தமாக இருக்கும். நூல் பெயின்ட் பக்கம் தங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சூட்டைக் கூட்ட வேண்டும். நான்கு கதவும் இப்படியே வந்தன. உள்ளே 2019-ன் வெள்ளை பெயின்ட் புதுசாக இருந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கூரைக்கு இந்த வித்தை எடுபடவில்லை. சூடேற்றினால் மேல் ஃபிலிம் மட்டும் பெயர்ந்து பசை முழுக்கத் தங்கியது. அப்புறம் துணி தேய்க்க வைத்திருந்த ஆவி இயந்திரத்தைக் கொண்டுவந்தோம். ஆவி வெடிப்புகளுக்குள் நுழைந்து பசையை இளக்கும். ஹீட் கன் அளவுக்கு பெயின்ட்டைச் சுடாது. பிளாஸ்டிக் பிளேடால் தள்ளத் தள்ள விரல்கடை அளவுத் துண்டுகள் வந்தன. இரும்பு பிளேடு பக்கமே போகவில்லை. டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரத்தைச் சிலர் சொல்வார்கள். அது பக்கவாட்டுக் கோடு ஸ்டிக்கர்களுக்குச் சரி. கூரை முழுக்க ஓட்டினால் உரசல் சூட்டில் பெயின்ட் வெந்துவிடும்.

தங்கிய பசைக்கு டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயைத் தெளித்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் களிம்பாகிறது. துணியால் வழித்துவிடலாம். தின்னர் வேண்டாம். கடைகளில் தின்னர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வேகமாகத்தான் போகும், கூடவே பெயின்ட்டின் மேல் பூச்சையும் மழுக்கும். எண்ணெய்ப் பசை போக ஷாம்புவால் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டும்.

முன் பம்பரில் வேறு சங்கதி. ஃபிலிமோடு பெயின்ட்டும் சேர்ந்து வந்தது, உள்ளங்கை அளவுக்கு. கீழே பட்டி தெரிந்தது. ராப் ஒட்டுவதற்கு முன்பே எங்கோ இடித்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கம்பெனியில் அடித்த பெயின்ட் சூட்டடுப்பில் வெந்தது. ராப்பை உரித்தால் அசையாது. ஒர்க்‌ஷாப் பெயின்ட்டுக்கு அந்தப் பிடிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய கார் வாங்கி ராப் போடப் போகிறவர்கள், எந்த பேனலில் பெயின்ட் வேலை நடந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது காயவிட்டு, உள்ளிருக்கும் தின்னர் முழுக்க ஆவியான பிறகே ஃபிலிம் ஒட்ட வேண்டும்.

என்னை உண்மையிலேயே வருத்தியது பானட் ஓரம்தான். ஹெட்லைட்டை ஒட்டி, பெயின்ட்டின் மேல் நேர்கோடாகக் கத்தித் தடம். ஒட்டியவர் ஃபிலிமை வைத்துக்கொண்டே காரின் மேல் வெட்டியிருக்கிறார். பெயின்ட்டையும் கடந்து தகரம்வரை போயிருக்கிறது. ஐந்தாறு வருஷ மழையில் அந்தக் கோடு முழுக்கத் துரு. ஃபிலிமுக்கு அடியில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. துருவைச் சுரண்டி, பிரைமர் வைத்து, டச்-அப் பெயின்ட் போட்டுக் காயவைத்தோம். பம்பர் பட்டறைக்குப் போனது. காயும்வரை மற்ற வேலையும் காத்திருந்தது.

உரித்த ஃபிலிமை எரிக்க வேண்டாம் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் வரும். உலர்கழிவு மூட்டையில் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

மறுபடி ஒட்டியது

ஆர்சி-யில் நிறம் சாம்பல் என்று இருப்பதால், மறுபடி சாம்பல் ஒட்டுவது மாமாவுக்கு வசதி. வெள்ளையாகவே ஓட்டுவதென்றால் ஆர்டிஓ-வில் நிறத்தைத் திரும்ப மாற்ற வேண்டும். அவர் மகன் ராணுவப் பச்சை வேண்டும் என்று நின்றான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. ராப்தானே, பெயின்ட் இல்லையே என்று வழியில் நிறுத்தும் போலீஸிடம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. சாம்பலே என்று முடிவானது. இந்தத் தடவை காஸ்ட். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒட்டும் வேலையின் முக்கால் பங்கு சுத்தம் செய்வது. கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியைப் போட்டுத் தேய்த்தால் கழுவியும் போகாத சிமென்ட் பொடியும் இரும்புத் துகளும் வரும். கதவு இடுக்கு, பானட் உள்மடிப்பு, டிக்கி ரப்பருக்கு அடியில் எல்லாம் பழைய மெழுகு இருக்கும். ஃபிலிம் கடைசியில் முடிகிற இடம் அதுதான், முதலில் கிளம்புகிற இடமும் அதுதான். அந்த இடங்களை அண்ணன் மூன்று முறை ஆல்கஹால் போட்டுத் துடைத்தார். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஃபிலிம் பிடிக்காது என்பதால் அதைத் தொடவே இல்லை.

வெட்டுவதற்குக் கத்திக்குப் பதில் நைஃப்லெஸ் டேப். டேப்புக்குள் ஒரு மெல்லிய இழை இருக்கும். டேப்பை முதலில் பெயின்ட்டில் ஒட்டி, மேலே ஃபிலிமைப் போட்டு அழுத்தி, இழையை இழுத்தால் ஃபிலிம் அடியிலிருந்து அறுபடும். பெயின்ட்டில் கத்தியே படாது. பழைய பானட்டைப் பார்த்த பிறகு இதற்கு ஆகும் கூடுதல் காசு எனக்குக் காசாகவே தெரியவில்லை.

பக்கக் கண்ணாடியை ஒட்டும்போது அண்ணன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபிலிமை நான்கு பக்கமும் சமமாகப் பிடித்து, சூடேற்றி, கண்ணாடிக்குமேல் கூடாரம்போல் இழுத்து, கீழே இறக்கினார். சுருக்கம் விழுந்த பக்கத்தை அழுத்தவே இல்லை. ஃபிலிமை மறுபடி தூக்கினார், சூடு காட்டினார். சுருக்கம் தானாக உள்வாங்கி மறைந்தது. அதன் பிறகுதான் ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்குவீஜி என்ற தள்ளு பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்.

கடைசி வேலை, பலரும் விட்டுவிடுகிற வேலை: பின்சூடு. வளைவு, பள்ளம், ஓரம் எங்கெல்லாம் ஃபிலிம் இழுபட்டிருக்கிறதோ அங்கெல்லாம் 90 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டில் இழுவிசை தளர்ந்து, ஃபிலிம் புதிய வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும். கைக்கணக்கில் செய்யக் கூடாது. வெப்பமானியைக் காட்டிக் காட்டி அங்குலம் அங்குலமாகப் போனோம். ஒட்டுவதற்குக் கடை பேசும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பின்சூடு எத்தனை டிகிரி கொடுப்பீர்கள், எதை வைத்து அளப்பீர்கள்? பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வாரம் காரைக் கழுவவில்லை. பசை முழுப் பிடிப்புக்கு வர அந்த அவகாசம் வேண்டும்.

பராமரிப்பு

நம் ஊரில் ராப்பை அழிப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் காலையில் வந்து துடைக்கும் ஒற்றைத் துணிக்கும் ஒற்றை வாளிக்கும். பத்து வண்டி துடைத்த அதே துணி. மணல் அதில் ஏறியிருக்கும். சாட்டினிலும், பளபளப்பே இல்லாத மேட் ஃபிலிமிலும் மணல் தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாகிவிடும். பெயின்ட் மாதிரி பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. மாமா தெருவில் வண்டி துடைப்பவர் திருப்பத்தூர்க்காரர், நல்ல மனிதர். “அண்ணா, இந்த வண்டிக்கு மட்டும் தினம் துடைக்க வேண்டாம். மாசப் பணம் அப்படியே வாங்கிக்கோங்க. வாரம் ஒரு தடவை நான் சொல்ற மாதிரி கழுவிக் குடுங்க” என்றேன். “துடைக்கலேன்னா உங்க மாமா கோவிச்சுக்குவாரே தம்பி” என்றார். மாமாவையும் அங்கேயே நிறுத்தி வைத்துப் பேசி முடித்தோம்.

கழுவுவது இப்படி: முதலில் வெறும் தண்ணீர் விட்டு மணலை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் அமிலமோ காரமோ இல்லாத கார் ஷாம்பு, ஒன்றில் துணி அலச நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் துணி. மேலிருந்து கீழாக. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். நிழலில், பானட் ஆறிய பிறகு. கழுவி முடித்ததும் துடைத்துக் காயவைக்க வேண்டும், தானாகக் காய விடக் கூடாது. நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். துளி துளியாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். நின்றுவிட்டால் வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே கழுவிவிடலாம்.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மாதங்களில் பலரும் உலர்ந்த துணியால் தூசி தட்ட ஆரம்பித்தார்கள். ராப்புக்கு அது ஆகவே ஆகாது. தூசியோடு இருந்துவிட்டுப் போகட்டும். எச்சம் விழுந்த இடத்தை மட்டும் நனைத்து எடுத்தால் போதும். சேமித்த மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது, அதில் உப்பே இல்லை.

எச்சத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. காரில் ஒரு சிறு தெளிப்புப் புட்டியும் துணியும் வைத்திருக்கச் சொன்னேன். காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுக்க வேண்டும். மரத்துப் பிசின், தார் போன்றவற்றுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பெட்ரோல் சிந்தினால் பங்க்கிலேயே துடைத்துவிட வேண்டும். அது பசையையே இளக்கும்.

வாட்டர் வாஷ் கடையில் விடலாமா என்றால், விடலாம், பக்கத்தில் நின்றால். 3எம் தரும் அளவு இது: அழுத்தம் 2000 பிஎஸ்ஐ-க்குள், தண்ணீர் 80 டிகிரிக்குள், 40 டிகிரி அகலமாக விரியும் முனை, குறைந்தது ஓர் அடி தள்ளி, பரப்புக்கு நேர் செங்குத்தாக. முனையைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தில் அடித்தால் தண்ணீரே நெம்புகோலாகி ஃபிலிமைக் கிளப்பிவிடும். கடைப் பையன்கள் அழுக்கு போக ஓரத்தில்தான் கிட்ட வைத்து அடிப்பார்கள். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவல் வேண்டவே வேண்டாம்.

மெழுகு, பாலிஷ் இரண்டும் சாட்டினுக்கும் மேட்டுக்கும் கிடையாது. பளபளக்கும் ஃபிலிமிலும் பெட்ரோலியம் கலந்த மெழுகைத் தவிர்க்க வேண்டும். ராப்புக்கென்றே வரும் செராமிக் பூச்சு போட்டால் அழுக்கு சுலபமாகப் போகும், எச்சத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். வெயிலைத் தடுக்கும் என்று சொல்லி விற்பதை நான் நம்பவில்லை. கார் கவர் பற்றியும் எனக்கு இரண்டு மனம்: நிழல் தரும், ஆனால் தூசி படிந்த காரின் மேல் போர்த்திக் காற்றில் ஆடினால் உப்புத்தாள் வேலை செய்யும். கழுவிய காரில் போட்டால் சரி. எல்லாவற்றுக்கும் மேல், மதியம் நான்கு மணிநேரம் நிழலான இடம் கிடைத்தால் வேறு எந்தப் பூச்சும் அதற்கு ஈடாகாது. மாமா இப்போது எதிர்ச் சந்தில் ஒரு கார் ஷெட்டை மாத வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஓரம் எங்காவது கிளம்பினால் அன்றே கவனிக்க வேண்டும். ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்து, சூடு காட்டி, அழுத்தி, பின்சூடு கொடுத்தால் உட்கார்ந்துவிடும். தூசி உள்ளே போய்விட்டால் அந்த விளிம்பை மட்டும் வெட்டி எடுப்பதே மேல். சூப்பர் குளூ போட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது பெயின்ட்டோடுதான் வரும்.

இந்த காஸ்ட் ஃபிலிமில், தெருவில் நிற்கும் காருக்குக் கூரை, பானட், டிக்கி மூன்றுக்கும் மூன்று வருஷம், பக்கங்களுக்கு ஐந்து என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஷெட் கிடைத்தால் இரண்டிலும் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. அடுத்த தடவை மாற்றுவதற்காக, கூரைக்கும் பானட்டுக்கும் தேவையான ஃபிலிமை அதே ரோலிலிருந்து வாங்கி, சுருட்டி நிற்க வைத்து, வெயில் படாத அலமாரியில் போட்டிருக்கிறோம். ஒட்டாமல் வைத்திருக்கும் ரோலுக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதால் அதை ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாது.

எப்போது ஒட்டியது என்றே தெரியாத ராப் உங்கள் காரில் இருந்தால், டிக்கியைத் திறந்து அதன் மேல் விளிம்பின் உள்மடிப்பைப் பாருங்கள். வெயில் படுகிற பரப்பிலிருந்து மடிந்து வரும் ஃபிலிம் அங்கே முடியும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்கி, அரை அங்குலம் தூக்கி இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டால் நேரம் இருக்கிறது. மறுபடி ஒட்டி அழுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். நீளாமல் அறுந்தால் அந்த மாதமே உரிக்க ஏற்பாடு செய்யுங்கள், பானட்டிலிருந்து ஆரம்பித்து.